மேற்கணக்குக்குப் பவுசர் வரும் நேரம்

நாகலெட்சுமி அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தது நடுரோட்டில், ஒரு மாட்டுக்குப் பக்கத்தில். பொகவந்தலாவை ரோட்டின் குறுக்கே மாடு நின்றது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் பால் ஏற்றும் எங்கள் தாங்கி வண்டி, அதுதான் பவுசர், நின்றது. சாரதி வீரய்யா அண்ணன் ஹோன் அடித்து அடித்துக் களைத்துப்போய் எனக்குப் போன் போட்டார். ஹட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு வளைவையும் திட்டிக்கொண்டே நான் போய்ச் சேர ஏழரை மணியாகிவிட்டது.

"யாரு நீங்க? எதுக்கு ரோட்ட மறிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

"நான் மேக்கணக்கு நாகலெச்சுமி. நீங்கதான் பவுசருக்கு நேரம் போடுற சேரா?"

"ஆமா."

"அப்ப எங்களுக்கும் ஒரு நேரம் போடுங்க. போட்டாத்தான் இவ நகருவா. இல்லாட்டி படுத்துருவா. படுத்தான்னா ஒங்களால தூக்க முடியாது, சொல்லிப்புட்டேன்."

மாட்டின் பெயர் சீதேவி. முன்காலை மடிக்கப் போவதுபோல் அது என்னைப் பார்த்தது. வீரய்யா அண்ணன் ஸ்டியரிங்கில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் முதலில் கோபம்தான் வரும், புத்தி அதற்குப் பிறகு சாவகாசமாக வந்து சேரும். இந்தக் கதை முழுக்க அதுதான் நடந்தது.

என் பெயர் சுமன். பால் பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கங்களின் ஒன்றியத்தில் வேலை. கதவில் 'விநியோக உத்தியோகத்தர்' என்று எழுதியிருக்கும். என் வேலை, பவுசர் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது. பவுசர் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இருபத்துமூன்று இடங்களில் நின்று பால் ஏற்றும். ஒன்பதரைக்குள் ஹட்டன் குளிரூட்டும் நிலையத்துக்கு வந்தாக வேண்டும். பத்து மணிக்கு அங்கிருந்து பெரிய லொறி கிளம்பிவிடும். இடையில் ஒரு இடத்தில் பத்து நிமிடம் பிந்தினால் கடைசி இடத்துப் பால் புளிக்கும். பாலிடம் கெஞ்சவும் முடியாது, திட்டவும் முடியாது. கறந்த நிமிடத்திலிருந்து அது கெட்டுப்போகிற வழியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவுதான் மேற்கணக்கு, ரோட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே. பத்தொன்பது வீட்டில் மாடு. அதுவரை அவர்கள் குறுக்குப் பாதையில் பால் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு மழை நாளில் அந்தக் குறுக்கில் இருபது லீட்டர் கேனோடு விழுந்ததில் அக்காவின் இடது மணிக்கட்டு முறிந்தது. சரியாகப் பொருந்தாமல் கோணலாகவே நின்றுவிட்டது. அன்றைக்கு அந்தக் கையைத்தான் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நான் விழுந்தது பரவால்ல சேர். கைதானே போச்சு. மத்தவ விழுந்தா உசுரு போயிரும்."

ஆறு நாற்பது என்று நேரம் போட்டேன். அலுவலகத்துக்குத் திரும்பி, புது நேர அட்டவணையை அச்சடித்து, என் மேசைக்குப் பின்னால் ஈரம் படியாத ஒரே சுவரில் ஒட்டினேன். அதற்குப் பிறகு வருடம்தோறும் புது அட்டவணை அடிப்பேன், பழையதைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் ஒட்டுவேன். கடைசியாக ஒட்டியபோது அங்கே ஏதோ ஒரு அரசாங்க நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மூன்று மொழியிலும் படம் போட்டிருந்தார்கள். யார் படிக்கிறார்கள்? அதன் மேலேயே ஒட்டிவிட்டேன்.

நிறுத்தம் கிடைத்ததும் அக்காவே பால் சேகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பானார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கீழ்க்கோடியில் இருந்த பழைய உர அறைதான் நிலையம். அதற்குப் பின்னால் நிமிர்ந்த மலை, மலை முழுக்கத் தேயிலை. அறைக்குள் ஒரு சீமெந்துத் தொட்டி. மேலிருந்து வரும் பீலித் தண்ணீர், அதுதான் மலையூற்றுத் தண்ணீர், குழாய் வழியாக அந்தத் தொட்டிக்குள் விழுந்து வழிந்து ஓடிக்கொண்டே இருக்கும். பால் கேன்களை அதற்குள் கழுத்தளவு இறக்கி வைப்பார்கள். பீலித் தண்ணீரில் கைவைத்தால் எலும்பு வரை குளிரும். மின்சாரமும் வேண்டாம், யந்திரமும் வேண்டாம், பவுசர் வரும்வரை பால் கெடாது.

அக்காவின் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு தனிச் சங்கம் வைக்கலாம். ஒவ்வொரு கேனிலும் சொட்டுப் பால் எடுத்து, அதே அளவு அல்கஹோல் கலந்து, குழாயைச் சாய்த்துப் பார்ப்பார். பால் திரிந்தால் அந்தக் கேன் திரும்பிப் போகும். அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ராசம்மாவின் கேன் வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"என்னாடி ராசம்மா, இன்னைக்குப் பாலுக்குள்ள தண்ணியா, தண்ணிக்குள்ள பாலா?"

"ஒனக்கு வயித்தெரிச்சல் அக்கா. எம்மாடு கூடக் கறக்குதுன்னு."

"கறக்கட்டும், கறக்கட்டும். பீலியும்தான் கறக்குது."

எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தாலும் ஒருவரும் அவரை ஏமாற்றியது கிடையாது. ஏழு வருடத்தில் மேற்கணக்குப் பால் ஒரு நாள்கூடத் திரும்பவில்லை. கூட்டங்களில் நானே அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் முன்னால் அவர் என்னை 'சேர்' என்பார், போனில் 'தம்பி' என்பார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை, புருசன் போய்ச் சேர்ந்து பத்து வருடம். அந்த ஆறு நாற்பதைத்தான் அவர் பெற்று வளர்த்தார் என்று வீரய்யா அண்ணன் சொல்வார்.

ஒன்றியத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் மூன்று தடவை ஒரு நிலையத்தின் பால் கெட்டுத் திரும்பினால் அந்த நிறுத்தம் வெட்டு. சட்டத்தை எழுதியது நான்தான். கெட்ட பால் ஒரு கேன் உள்ளே போனால் பவுசரில் இருக்கிற மூவாயிரம் லீட்டரும் பாழ். இருபத்துமூன்று ஊர் உழைப்பு அது. சட்டம் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒக்டோபர் கடைசியில் மேற்கணக்குப் பால் முதல் தடவையாகத் திரும்பியது. பீலித் தண்ணீர் மெலிந்து விரலளவாகிவிட்டிருந்தது. தொட்டித் தண்ணீர் ஓடாமல் தேங்கி நின்றதால் பால் சூடேறிவிட்டது. யோசித்துப் பாருங்கள்: வெளியே பத்து நாளாக விடாமல் மழை. மழை கொட்டுகிறது, ஊற்று வற்றுகிறது. யாருக்காவது ஒரு சந்தேகம் வர வேண்டாமா? உள்ளே போன தண்ணீர் எங்கேதான் போகிறது என்று ஒருத்தனாவது கேட்க வேண்டாமா? கீழ்க்கணக்குக்காரர்கள் குழாயை வெட்டிவிட்டார்கள் என்று இவர்கள் சண்டைக்குப் போனார்கள். நான் போனில் கத்தினேன்.

"அக்கா, ஒரு தடவ ஆச்சு. இன்னும் ரெண்டு தடவதான் இருக்கு, ஞாபகம் வச்சிக்கங்க."

"தெரியும் தம்பி. நீங்க சொல்லவா வேணும்? ராத்திரி தூக்கமே வர்றதில்ல எனக்கு."

எட்டு நாள் கழித்து இரண்டாம் தடவையும் திரும்பியது. அன்றைக்கு நானே பவுசரோடு போயிருந்தேன். கேனைத் திறந்து, சோதித்து, மூடினேன். பத்தொன்பது வீட்டு ஆட்களும் கேனைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

திரும்பிய பாலை அங்கே சாக்கடையில் கொட்டமாட்டார்கள். பால் லெட்சுமி, கால் படக் கூடாது. லயத்துக்கு மேலே தேயிலை நடுவில் முனியாண்டி கல் ஒன்று இருக்கிறது. அத்தனை கேனையும் சுமந்துகொண்டு போய் அந்தக் கல்லின் தலையில் ஊற்றினார்கள். அக்கா கோணல் கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"முனியாண்டி, பாலத் தந்துட்டோம். தண்ணியக் குடு. எங்க பவுசரக் காப்பாத்து."

அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தின் கதவு திறக்கவில்லை, வீரய்யா அண்ணன் உதைத்துத் திறந்தார். மழைக்கு ஊதிவிட்டது என்றார் அக்கா, கீழோரத்தை ஏற்கெனவே ஒரு தடவை சீவியாயிற்றாம். தரையில் சுவரிலிருந்து சுவர் வரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. சுண்டுவிரல் நுழையும். பாலில் அழுக்குச் சேருமே என்று எனக்கு எரிச்சல். பரிசோதனைப் புத்தகத்தில் 'தரை வெடிப்பை உடனே பூசவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா மறுநாளே பூசிவிட்டார். நான்கு நாளில் அது திரும்பவும் வாய் திறந்தது, திரும்பவும் பூசினார்.

நவம்பர் பத்தாம் தேதி போன் வந்தது. அக்காவின் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"தம்பி! சாமி கண்ணத் தொறந்துருச்சு தம்பி! கல்லுக்குக் கீழயே ஊத்து! எங்கைத் தண்டி வருது! ஓடி வாங்க!"

ஓடிப்போனேன். முனியாண்டி கல்லுக்கு இரண்டடி கீழே, நேற்றுவரை வெறும் தேயிலைச் செடியாக இருந்த இடத்தில், மண்ணைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தண்ணீர். கைவைத்தேன், பழைய பீலியைவிடக் குளிர். அதற்குள் அக்கா ஆள் சேர்த்துக் குழாய் இழுத்துத் தொட்டியில் விட்டுவிட்டிருந்தார். தேங்காய் உடைத்து, அந்தத் தண்ணீரிலேயே பொங்கல் வைத்து, எனக்கும் வாழை இலையில் சுடச்சுட வைத்தார்கள். பாலைச் சோதித்தேன். திரியவில்லை. ராசம்மா குலவை போட்டாள்.

வீரய்யா அண்ணன் மட்டும் ஊற்றுப் பக்கம் குந்திக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"சாமி குடுத்ததுக்கு வெலாசமா கேக்கிறீங்க?" என்றார் அக்கா.

"இல்ல தங்கச்சி. மரமெல்லாம் சாஞ்சிக்கிட்டு நிக்குது, அதான் பாக்குறேன்."

"காத்துக்குச் சாஞ்சிருக்கும். பொங்கலச் சாப்பிடுங்க அண்ணே, ஆறிப்போவுது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து, ஊற்றையும் குழாயையும் தொட்டியையும் அக்காவையும் சேர்த்து ஒரு படம் பிடித்தேன். எல்லாச் சங்கங்களும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'மேற்கணக்கின் இயற்கைக் குளிரூட்டி. ஏனைய சங்கங்களும் இவ்வாறு புதிய ஊற்றுகளைப் பயன்படுத்தலாம்.' அறுபது பேர் கைதட்டினார்கள். அந்தப் படத்தில் அக்கா வெற்றிலைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் சீதேவி தோட்டப் பாதையில் படுத்திருக்கிறது. நான்கு நாளாக அது பட்டிக்குள் போக மாட்டேன் என்கிறது, வயசாக ஆகக் கிறுக்குப் பிடிக்கிறது என்று அக்கா அன்றைக்குச் சொன்னார்.

நவம்பர் கடைசியில் அந்தப் புயல் மழை வந்தது. இரண்டாம் நாளே கிராம உத்தியோகத்தர் வந்து லயத்துச் சனங்களை ரோட்டோரத்துப் பாடசாலைக்கு ஏற்றிவிட்டார். அக்காவும் போனார். விடியற்காலையில் யாருக்கும் சொல்லாமல் திரும்பி இறங்கிவிட்டார். பத்தொன்பது வீட்டு மாடும் பட்டியில் நிற்கிறது, கறக்காமல் விட்டால் மடி கட்டிவிடும். கறந்தால் பால் இருக்கும். பால் இருந்தால் ஆறு நாற்பதுக்குப் பவுசர் வர வேண்டும். இன்னும் ஒரு தடவை கெட்டால் நிறுத்தம் போய்விடும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

ஆறு முப்பதுக்குப் போன் வந்தது.

"தம்பி, தனியாளா எல்லாத்தையும் கறந்துட்டேன். நூத்திப்பத்து லீட்டரு. பவுசரு எங்க நிக்குது?"

பவுசர் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அரை மணித்தியாலத்துக்கு முன்னமே வீரய்யா அண்ணன் சொல்லிவிட்டார்: நோர்வூட்டுக்கு அந்தப் பக்கம் மரம் விழுந்து, மண் சரிந்து, வெட்டினால்தான் வழி. அவர் பவுசரைத் திருப்பலாமா என்று கேட்டார். பொறுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மரத்தை வெட்டிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. வராது என்று அக்காவிடம் சொன்னால் அத்தனை பாலையும் விட்டுவிட்டு மேலே ஏறிவிடுவாரே என்றும் நினைத்தேன். நூற்றுப்பத்து லீட்டர். நாசமாய்ப்போன நூற்றுப்பத்து லீட்டர்.

"வந்துக்கிட்டு இருக்கு அக்கா. கொஞ்சம் பிந்தும். தொட்டியிலயே வச்சிருங்க."

"வரும்தானே?"

"வரும் அக்கா."

ஏழு பத்துக்குத் திரும்பவும் அழைத்தார். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"தம்பி, தண்ணி சகதியா வந்துச்சு. தேத்தண்ணி நெறம். இப்ப நின்னேபோச்சு. ஒரு சொட்டுகூட இல்ல. பால் கெட்டுருமே தம்பி, என்னா செய்ய?"

அப்போது என் புத்தி எங்கே போயிருந்தது? ஏழு வருடம் தண்ணீரையும் பாலையும் தவிர வேறெதையும் பார்க்காதவன், அவ்வளவு பெரிய ஊற்று ஒரே நிமிடத்தில் எங்கே போனது என்று கேட்கவில்லை. எனக்கு எரிச்சல். பவுசர் இல்லை, லொறிக்கு நேரமாகிறது, ஒன்பது பேர் வரிசையில் அழைக்கிறார்கள்.

"இலை தழை அடைச்சிருக்கும் அக்கா. மேல ஏறி ஊத்து வாயப் பாருங்க. கையால அள்ளிவிட்டா வந்துரும்."



"ஆளுக ஒருத்தரும் இல்ல தம்பி. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. மாடெல்லாம் கத்துது."

"ரெண்டு நிமிசம்தானே அக்கா. இன்னொரு தடவ திரும்பிச்சின்னா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

"சரி தம்பி. போய்ப் பாக்குறேன். வைங்க."

நாற்பத்திரண்டு செக்கன். போனில் இன்னும் பதிவாக இருக்கிறது.

ஏழு இருபதுக்குப் பாடசாலையில் இருந்தவர்கள் சத்தம் கேட்டிருக்கிறார்கள். ரெயில் வருகிற மாதிரி இருந்தது என்று ராசம்மா சொன்னாள், அந்தப் பக்கம் ரெயிலே கிடையாது. முனியாண்டி கல்லிலிருந்து கீழே ஆறு வரைக்கும் மலை வந்துவிட்டது. நிலையம், பட்டி, லயத்தில் பாதி, எல்லாம் அதற்குள். லயத்தில் அன்றைக்கு ஒரு சனம் இல்லை. அத்தனை பேரிலும் ஒருவர்தான் போனார்.

மூன்றாம் நாள்தான் எங்களால் அங்கே போக முடிந்தது. ரோட்டில், ஏழு வருடத்துக்கு முன் பவுசரை மறித்த அதே வளைவில், சீதேவி நின்றுகொண்டிருந்தது. கூடவே மற்ற மாடுகளும் ஆங்காங்கே நின்றன. ஒரு மாடு குறையவில்லை. வீரய்யா அண்ணன் சீதேவியின் கழுத்துக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்த்துவிடப்பட்டிருந்தது. மேலே ஏறுவதற்கு முன்னால் அக்கா மாடுகளை எல்லாம் அவிழ்த்து விட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நான் சொன்னதற்காக ஏறியிருக்கிறார்.

"மாடு கெட்டா தேடலாம், மனுசர் கெட்டா தேடலாமா?" என்றார் வீரய்யா அண்ணன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் நோர்வூட்டில் பொறுக்கச் சொன்னதும் அவருக்குத் தெரியும், அக்காவிடம் வரும் என்று சொன்னதும் தெரியும். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த இடத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

அக்காவைத் தோண்டியெடுக்க ஐந்து நாளானது. அந்தக் கோணல் கையை வைத்துத்தான் ராசம்மா அடையாளம் சொன்னாள்.

ஜனவரியில் உடைந்த ரோடுகளை விட்டுவிட்டுப் புது நேர அட்டவணை தயாரித்தேன். மேற்கணக்கு இல்லாத அட்டவணை. ஆறு நாற்பதுக்கு நேராக ஒன்றும் எழுத மனம் வராமல் வெறுமையாக விட்டேன். ஒரு விடியற்காலையில் அதை ஒட்டப்போய், சுவரில் இருந்த பழையதை உரித்தபோது அதற்கடியில் அந்த அரசாங்க நோட்டீஸ் அப்படியே இருந்தது. அன்றைக்குத்தான் படித்தேன். மண்சரிவுக்கு முன்னால் தெரியும் அறிகுறிகள். கதவு, யன்னல் இறுகுதல். தரையிலும் சுவரிலும் வெடிப்பு. மரங்கள், தூண்கள் சாய்தல். இருந்த ஊற்று வற்றுதல். புதிய இடத்தில் ஊற்று தோன்றுதல். தண்ணீர் கலங்கி வருதல், திடீரென நிற்றல். உடனே வெளியேறுக.

ஒவ்வொன்றுக்கும் படம் போட்டிருந்தார்கள். புது ஊற்றுக்குப் போட்ட படத்தில் ஒரு பெண் சந்தோசமாகக் குடம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, நான் அந்தச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அக்காவின் வீடு மண்ணுக்குள் போவதற்கு முன்னால் இத்தனையும் என் முதுகுக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரு வருடம் இருந்திருக்கிறது.

திடீரென்று அந்த வட்ஸ்அப் குழுவில் பார்த்த இன்னொரு படம் ஞாபகம் வந்தது. போனை எடுத்துக் குழுவைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். கிடைத்தது. ஆறு நாளைக்கு முன் கொத்மலைப் பக்கத்து நிலையம் ஒன்றிலிருந்து பிரியந்தி அனுப்பியிருந்த படம். அந்த நிலையத்துக்கு அவள்தான் பொறுப்பு. தேயிலை நடுவில் தண்ணீர், அதிலிருந்து ஒரு நீலக் குழாய். 'எங்களுக்கும் புது ஊற்று வந்துவிட்டது சேர்.' அதற்குக் கீழே நான் ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தேன்.

அழைத்தேன், எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள்.

நான் போய்ச் சேரக் காலை எட்டு மணி இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. நிலையத்தின் முன்னால் பன்னிரண்டு பதின்மூன்று பேர் கேனோடு வரிசையில் நின்றார்கள். பிரியந்தி முப்பது வயதுப் பெண், சிரித்த முகம். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்க சேர்! நீங்க நாகலெச்சுமி அக்கா போட்டோ போட்டீங்கல்ல, அதப் பாத்துத்தான் நாங்களும் பைப்பு போட்டோம். கைய வச்சுப் பாருங்க, அய்ஸ் மாதிரி. இன்னைக்குக் காலையிலேருந்துதான் கொஞ்சம் கலங்கலா வருது."

தொட்டியைப் பார்த்தேன். தேத்தண்ணீர் நிறம்.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். "கேன வைங்க! பிள்ளைகளத் தூக்குங்க! கோயிலுக்கு ஏறுங்க, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்! மாட்ட நான் அவுக்கிறேன்!"

ஒருவரும் நகரவில்லை. சேருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பார்த்தார்கள். பிரியந்தியின் சிரிப்பு மெல்ல மறைந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப பாலு, சேர்? பவுசரு வரும்தானே?"

கீழே மூன்றாம் வளைவில் வீரய்யா அண்ணன் ஹோன் அடிப்பது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

"வராது," என்றேன். "இன்னைக்குப் பவுசர் வராது. போங்க."

அவள் என்னை ஒரு கணம் முறைத்துப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கேனை அப்படியே தரையில் சாய்த்துவிட்டு, பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடினாள். பால் என் காலடியில் ஓடியது. அதை மிதித்துக்கொண்டு பட்டிக்குள் போய் முதல் மாட்டின் முடிச்சை அவிழ்த்தேன்.